பதினேழாம் எண் முத்திரை

சுலோசனாவைப் பிடிக்கும் என்று சொல்ல அந்தக் கம்பெனியில் ஒருவர்கூட இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அதற்காக ஒரு வேளை சோற்றைக்கூட அவள் குறைத்துக்கொண்டதில்லை.

சத்தியவேட்டுக்குக் கிழக்கே தொழிற்பேட்டையில், அணுமின் நிலையங்களுக்கான கட்டுப்பாட்டுக் கேபினெட்டுகள் செய்யும் கம்பெனி அது. ஆள் உயர இரும்பு அலமாரி. கதவைத் திறந்தால் உள்ளே ஆயிரக்கணக்கில் வயர்கள். உலையின் அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் என்று ஒவ்வொன்றையும் அளக்கும் கருவிகள் அனுப்பும் சேதி இந்த அலமாரிக்குள் வந்த பிறகுதான் உலை ஓடலாமா, நிற்க வேண்டுமா என்பது முடிவாகும். வயரிங் முடிந்த கேபினெட்டைச் சோதித்து முத்திரை குத்துவது சுலோசனாவின் வேலை. நாற்பத்து மூன்று வயது. பதினோரு வருட சர்வீஸ். முத்திரை எண் பதினேழு.

மற்ற இன்ஸ்பெக்டர்கள் குறை கண்டால் முதலில் வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். "தம்பி, அந்த ஸ்க்ரூவ கொஞ்சம் பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் சரியாகியிருக்கும். சுலோசனா வாயைத் திறக்கமாட்டாள். சிவப்புச் சீட்டை எழுதிக் கைப்பிடியில் கட்டிவிட்டு அடுத்த கேபினெட்டுக்கு நகர்ந்துவிடுவாள். சீட்டு விழுந்தால் விசாரணை, பதில், மறுசோதனை என்று இரண்டு நாள் போய்விடும். யார் கெஞ்சினாலும் சீட்டு இறங்காது.

நகரிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆதிநாராயணன் என்ற கரும்பு விவசாயியின் மகள் அவள். திருப்பதியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா படித்தவள். வேலை செய்த இடத்தில் எப்போதோ ஒரு விபத்தைப் பார்த்திருப்பாள், அதனால்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று கம்பெனியில் ஒரு கதை உலவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. நாலாம் வகுப்பிலேயே பக்கத்துப் பெஞ்சுக்காரி ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டாள் என்று வாத்தியாரிடம் போய்ச் சொன்னவள் அவள். பிறவியிலேயே அந்தக் குணம்.

வயரிங் பிரிவின் சூப்பர்வைசர் கிஷோர் அவளுக்கு நேர் எதிர். புத்தூர்க்காரன், முப்பத்தாறு வயது. அவனிடம் வேலை செய்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு அவன்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருந்தான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்பான். அவன் சிரித்தால் அந்தப் பிரிவே சிரிக்கும். சுலோசனா உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு கேபினெட்டுகள் கொண்ட ஆர்டரில் நான்கு மார்ச்சிலேயே போய்விட்டன. இன்னும் நான்கு வெள்ளிக்கிழமை லாரிக்குத் தயாராக நின்றன. ஏழாவது கேபினெட்டின் அடியில், வயர் போகும் பிளாஸ்டிக் பாதையின் மூடியை சுலோசனா கழற்றினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்றாம் சேனலின் பாதைக்குள் இரண்டாம் சேனலின் வயரும் படுத்திருந்தது.

ஒரே அழுத்தத்தை மூன்று கருவிகள் தனித்தனியாகப் பார்க்கும். ஒவ்வொன்றும் ஒரு சேனல்; மூன்றுக்கும் தனித்தனி வயர், தனித்தனிப் பாதை, நடுவே இரும்புத் தகடு. மூன்றில் இரண்டு 'ஆபத்து' என்று சொன்னால் உலை தானாக நிற்கும். ஒன்று கெட்டுப்போனாலும் மற்ற இரண்டு காப்பாற்றும் என்பதுதான் ஏற்பாடு. இரண்டு வயர் ஒரே பாதையில் படுத்து, அங்கே ஒரு பொறி பட்டு இரண்டும் சேர்ந்து கருகினால், மிச்சமிருக்கும் ஒன்று தனியாகக் கத்தி யார் கேட்பது?

அவள் சீட்டைக் கட்டினாள். கிஷோர் ஓடிவந்தான்.

"ஒரு ஜாண் மேடம். ஒரே ஒரு ஜாண் தூரம். மேல தீப்புடிக்காத உறை போட்டுக் கீது. இதுக்குப் போயி ரெட் டேகா?"

"ஒரு ஜாண் விட்டுக்கலாம்னு ட்ராயிங்ல எங்க போட்டுக் கீது? காட்டு."

"ஃபேன் எடத்த மாத்திப் புது ட்ராயிங் குட்த்தாங்க. அடியில எடமே லேது. வேற எப்படி இஸ்துக்கினு போறது?"

"எடம் இல்லன்னா எழுதிக் கேக்கணும். நீயா முடிவு பண்றதுக்கு நீ யாரு?"

நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிஷோரின் முகம் சுருங்கிப்போனது. அவன் திரும்பி நடந்தான்.

மிச்ச மூடிகளையும் திறக்க வைத்தாள். ஐந்து, ஆறு, எட்டு எல்லாவற்றிலும் அதே ஒரு ஜாண். வெள்ளிக்கிழமை வந்த லாரி காலியாகத் திரும்பியது.

பிளான்ட் தலைவர் கிருபானந்தம் சித்தூர்க்காரர். குரலை உயர்த்தாதவர். யார் செய்தது என்று விசாரித்தார். அடிப்பகுதி வயரிங் அத்தனையும் கௌசிகா என்ற பெண் செய்தது. இருபத்து நான்கு வயது, சத்தியவேட்டுக்காரி. "சார்தான் அப்படிப் போடச் சொன்னாரு" என்றாள் அவள். கிஷோர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லல சார்" என்றான். அவன் அப்படிப் பொய் சொல்வான் என்று அங்கே யாருமே எதிர்பார்க்கவில்லை. பொய் என்று தெரிந்தும் நம்பினார்கள், நம்புவது அவர்களுக்கு வசதியாக இருந்தது. கௌசிகாவை சஸ்பெண்ட் செய்தார்கள். பழி முழுக்க சுலோசனாவின் தலையில் விழுந்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன் சீட்டும் பின் சீட்டும் காலியாயின. கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால் அவள் டிபன் பையில் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'குறையின் விவரம்' என்ற கட்டத்தில் தெலுங்கு எழுத்தில் 'மனசு லேது', மனசு இல்லை என்று எழுதியிருந்தது. சுற்றிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுலோசனா சீட்டை நிதானமாகப் படித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கீழ கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது."

ஞாயிற்றுக்கிழமை காலை கௌசிகாவின் அம்மா பச்சையம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கேட்டைத் தட்டவில்லை. தெருவில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஏண்டி சுலோசனா! வெளியே வாடி! ஒரு ஜாண் வயரு போட்டுச்சுன்னு எம் பொண்ண வீட்டுல குந்த வச்சுட்டியே, உன் வயிறு குளுந்துச்சா? நீயும் பொட்டப்புள்ள பெத்தவதான? வரன் பேசிக்கினு இருந்தோம். வேலையில தப்பு பண்ணிட்டாளாமேன்னு கேக்கறான், எவன் வருவான் இனிமே?"

தெருவில் பாதி வீடு கம்பெனி ஆட்களின் வீடு. எல்லா வாசலிலும் தலைகள் தெரிந்தன. ஒருவர்கூட "போதும், வா" என்று பச்சையம்மாளைக் கூப்பிடவில்லை. சுலோசனாவின் புருஷன் சண்முகம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், அதிர்ந்து பேசாதவன். அவன்தான் வெளியே போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அவளை அனுப்பிவைத்தான். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னான்:

"தப்புன்னா தப்புதான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணா முடிவு பண்ணிப் போட்டிருக்கும்? நீயே சொல்லு."

"அத்த நான் சொன்னனா? வயரு எங்க கீதுன்னுதான் எழுதினேன். யாருன்னு எழுதல."

"எழுதல. சரி. கேட்டியா?"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை அவள் ஆவண அறைக்குப் போனாள். கௌசிகா மேல் இரக்கம் வந்து போனாள் என்று சொல்ல முடியாது. கிஷோர் பொய் சொல்லியிருந்தால் அது ஏதாவது ஒரு தாளில் இருக்கும், அதைப் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம்தான். வயரிங் ஆட்களுக்குத் தினமும் கொடுக்கும் வேலைத்தாள்களை மாதவாரியாகப் பிரித்தாள். பதினொன்றரை மணிக்குக் கிடைத்தது. பிப்ரவரி இருபதாம் தேதி. ஃபேன் இடம் மாறிய செய்திக்குக் கீழே, கிஷோரின் கையெழுத்தில்: 'அடி வயர் பக்கத்துப் பாதையில் போகட்டும், உறை போடவும். கேபினெட் நான்கு முதல்.' பக்கத்தில் அவன் சுருக்கொப்பம்.

சிக்கினான் என்று மனதுக்குள் துள்ளினாள். தாளைப் படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

நான்கு முதல்.

நான்காவது கேபினெட் மார்ச்சிலேயே போய்விட்டது. சோதித்த பதிவேட்டை எடுத்தாள். மார்ச் ஒன்பது. 'அடிப்பாதை மூடிகள் திறந்து பார்க்கப்பட்டன: சரி.' எதிரே நீல மையில் வட்டமாக பதினேழு.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தக் கேபினெட்டின் கதவு ஓரத்து ரப்பர் மூலையில் ஒரு நூல் அளவு பிதுங்கியிருந்தது. சீட்டுக் கட்டினாள். கிஷோர் சண்டைக்கு வந்தான். காலை முழுக்க ரப்பர் சண்டை. சாப்பாட்டுக்குப் பிறகும் சண்டை. கடைசியில் அவன் ரப்பரை மாற்றினான். அவனைத் தோற்கடித்த திருப்தியில், மாலை பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மிச்சப் பக்கங்களில் மடமடவென்று முத்திரை குத்தினாள். அடிமூடியை அவள் திறக்கவே இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எப்படியோ கிஷோருக்குத் தெரிந்துவிட்டது. சாயந்திரம் பார்க்கிங்கில் அவள் முன்னால் வந்து நின்றான்.

"பழைய தாளெல்லாம் பொறட்டிக்கினு இருந்தீங்களாம்."

"ஆமா. உன் கையெழுத்து நல்லாத் தெளிவாக் கீது."

"காட்டுங்க. தாராளமாக் காட்டுங்க. நான் மட்டுமா போவேன்? நாலாவதுல யாரு முத்திரை மேடம்?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இதோ பாருங்க. கௌசிகாவ அடுத்த வாரமே உள்ள இஸ்துக்கறேன். சார்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அந்தத் தாள மறந்துடுங்க. அது ஒண்ணும் உலையில மாட்டிக்கினு இல்ல, அங்க ஸ்டோர்ல தூங்கிக்கினு கீது. ரெண்டு வயரும் ஒரே நேரத்துல எரியறதெல்லாம் நம்ம ஆயுசுல நடக்காது. ஒரு ஜாண் மேடம்."

"நவுறு" என்றாள்.

நகர்ந்தான். ஆனால் அவள் உடனே போய் எதையும் எழுதிவிடவில்லை. இரண்டு நாள் எழுதவில்லை. அரிசி களையும்போதும் மகள் ரக்ஷிதாவுக்குத் தலை பின்னும்போதும் கிஷோரின் பேரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கௌசிகா வேலைக்கு வந்துவிடுவாள். தெரு வாயை மூடும். முத்திரை தப்பிக்கும். யோசிக்க யோசிக்க அது நியாயமாகக்கூடத் தோன்றியது. அவளை உறுத்தியது வேலை போகுமே என்ற பயத்தைவிட, அந்தக் கேன்டீனில் எழப்போகும் சிரிப்பு. பதினோரு வருடமாக யாருக்கும் ஒரு ஜாண் விட்டுக்கொடுக்காதவள். இப்போது அவளுக்கே ஒரு ஜாண் தேவைப்பட்டது.

புதன்கிழமை ராகுகாலம் தொடங்குவதற்குள், மதியச் சங்கு ஊதும் முன்பே, சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கேபினெட் எண்: நான்கு. குறை: அடிமூடி திறக்காமலேயே 'சரி' என்று முத்திரை. தவறு செய்தவர்: சுலோசனா, முத்திரை எண் பதினேழு. வேலைத்தாளின் நகலையும் சேர்த்துப் பின் குத்தினாள். விதிப்படி மூன்று பிரதி. ஒன்று அணுமின் நிலையத்துக்கே நேராகப் போகும். அந்தப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிவிட்ட பிறகுதான் கிருபானந்தத்தின் அறைக்குப் போனாள்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அனுப்பிட்டியாம்மா?"

"அனுப்பிட்டேன் சார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க ரெண்டு நாள் பொறுன்னு சொல்வீங்க சார்."

அவருடைய குரல் அன்றுதான் முதன்முதலாக உயர்ந்தது. "நானூறு பேர் துன்ற சோறும்மா இது! அடுத்த ஆர்டர் வருமா வராதான்னு நான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன், நீ உம் பாட்டுக்கு..." வாக்கியத்தை முடிக்காமல் கதவைக் காட்டினார்.

ஆறாம் நாள் சுலோசனாவும் கிஷோரும் சூளூர்பேட்டையில் காலை ரயில் ஏறினார்கள். நான்கு கேபினெட்டையும் அங்கேயே போய்த் திறந்து காட்ட வேண்டும் என்று நிலையத்திலிருந்து உத்தரவு. ஒரே வரிசையில் இரண்டு ஜன்னல் ஓரம். எட்டு மணி நேரப் பயணத்தில் அவன் அவளிடம் பேசியது ஒரே ஒரு முறை.

"என்ன மாட்டி விடறதுக்காக உங்களயே மாட்டிக்கினீங்களே மேடம். இப்படி ஒரு பகைய நான் எங்கயும் பாத்ததில்ல."

அது பாதி உண்மை என்று அவளுக்குப் பட்டது.

நிலையத்தின் பெரிய ஸ்டோர் கொட்டகையில் யாமினி என்ற பெண் இன்ஜினியர் காத்திருந்தாள். முப்பது வயதுகூட இராது. இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. "உங்க முத்திரை இங்க செல்லாது. நான் பாத்துக்கறேன். நீங்க டார்ச் மட்டும் புடிங்க" என்றாள் சுலோசனாவிடம்.

முதல் கேபினெட் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. நான்காவதின் மூடியைக் கிஷோர் கழற்றும்போது, அது சரியாக இருந்துவிடக்கூடாதா என்று சுலோசனா வேண்டிக்கொண்டாள். அப்படி ஒரு வேண்டுதல் அவள் வேலையில் அதுவரை வந்ததே இல்லை. மூடி வந்தது. இரண்டு வயரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

யாமினி குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டாள். "மூணு மாசத்துல இத்த மாட்டியிருப்போம். மாட்டினதுக்கப்புறம் அடிமூடிய யாரும் தெறக்க மாட்டாங்க. தெரியுமில்ல?" என்றாள்.

கொண்டுவந்த தகட்டையும் புதுப்பாதையையும் வைத்து அங்கேயே சரிசெய்ய அனுமதி இருந்தது. கிஷோர் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக் கேபினெட்டுக்கு அடியில் தலையை விட்டான். சுலோசனா முட்டி போட்டு டார்ச் பிடித்தாள். இரண்டு மணி நேரம். "லைட்ட சரியாப் புடிங்க" என்று அவன் எரிந்து விழுந்தான். "கைய எட்த்தாதான் புடிக்க முடியும்" என்று அவள் பதிலுக்கு எரிந்து விழுந்தாள். வேர்வை அவன் கண்ணில் வழிந்தது. அவள் துடைத்துவிடவில்லை. வேலை அருமையாக இருந்தது, அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. வயர்களை அவன் வளைத்த விதத்தில் ஒரு கோணல் கிடையாது.

அவன் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டபோது சுலோசனா யாமினியிடம் சொன்னாள்:

"மேடம், அந்த மூணாவது முனையை ஒரு தபா இஸ்துப் பாருங்க."

யாமினி இழுத்தாள். வயர் அதன் பித்தளை முனையை விட்டுக் கையோடு வந்துவிட்டது. முனை வயரை நெருக்கிப் பிடிக்கவில்லை.

கிஷோர் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கொட்டகையின் அந்தப் பக்கச் சுவரில் போய் விழும்படி விட்டெறிந்தான். யாமினி அசையவில்லை. "போய் எடுத்துக்கினு வந்து போடுங்க" என்றாள். அவன் போனான். எடுத்தான். மறுபடி படுத்து, முனையைப் புதிதாகப் போட்டான். இந்த முறை யாமினி தொங்காத குறையாக இழுத்தும் வரவில்லை.

கம்பெனி இருவரையும் தண்டித்தது. கிஷோரின் சூப்பர்வைசர் பதவி போய் அவன் மறுபடி வயரிங் மேசையில் உட்கார்ந்தான். சுலோசனாவின் முத்திரையை வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஸ்டோரில் போட்டார்கள். பிறகு தேர்வு எழுதி ஜெயித்தால் மட்டுமே இன்ஸ்பெக்டர் வேலை. நிலையத்திலிருந்து அடுத்த ஆர்டர் வந்தது; ஆனால் ஒவ்வொரு கேபினெட்டின் அடிமூடியையும் தங்கள் ஆள் வந்து பார்த்த பிறகுதான் எடுப்போம் என்ற நிபந்தனையோடு வந்தது. தன்மேல் தானே சீட்டுக் கட்டியதைக் கேள்விப்பட்டு ஊர் அவளை மெச்சும் என்று சண்முகம் நினைத்திருந்தான். "மத்தவங்க குடிய கெடுத்தது பத்தாம இப்ப தன் குடியையே கெட்த்துக்கினா" என்றுதான் பேச்சு வந்தது.

கௌசிகாவின் மேல் தவறில்லை என்று கடிதம் போனது. அவள் திரும்பி வரவில்லை. அதே தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்கள் செய்யும் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். சுலோசனா ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனாள். வேலைத்தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு போனாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கௌசிகா வாசலில் நின்றே பேசினாள். உள்ளே பச்சையம்மாள் பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்காகத்தான் இத்தனையும் பண்ணீங்கன்னு சொல்றாங்க. அப்படியாக்கா?"

சுலோசனாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல. முதல்ல அவன புடிக்கத்தான் தேடினேன். அப்பால என் தப்பு தெரிஞ்சுது. எழுதினேன்."

"அன்னிக்கி சீட்டு கட்றதுக்கு முன்னாடி, இத்த யாரும்மா போடச் சொன்னாங்கன்னு என்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

"கேட்டிருக்கலாம்."

"அவ்ளோதான்க்கா. போய்ட்டு வாங்க." கதவு சாத்திக்கொண்டது. அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அதுதான் சுலோசனாவுக்கு வலித்தது.

ஆறு மாதமும் அவள் ஸ்டோரில் வரும் திருகுகளையும் வயர்ச் சுருள்களையும் பரிசோதித்து அடுக்கினாள். தேர்வில் முதல் முறை தோற்றாள், இரண்டாம் முறை தேறினாள். இப்போது மறுபடி வயரிங் பிரிவுக்கு வருகிறாள். சீட்டு கட்டத்தான் செய்கிறாள். முன்பைவிட ஒன்றும் குறையவில்லை. ஆனால் கட்டுவதற்கு முன் அந்த வேலையைச் செய்த ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி, "இத்த இப்படிப் போடச் சொன்னது யாரு?" என்று கேட்கிறாள். கேட்கும் குரல் அப்படியே போலீஸ் குரலாக இருப்பதால் பயந்துபோய் எல்லாரும் உளறுகிறார்கள். கிஷோர் மட்டும் பயப்படுவதில்லை. அவன் மேசைக்கு அவள் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான் போட்டேன், நானேதான் முடிவு பண்ணேன், எழுதிக்கோங்க மேடம்" என்பான். அவள் எழுதிக்கொள்வாள்.